கூப்பிட்டால்தான் கை நனைப்பார்

எங்கள் அப்பா இராசிபுரத்தை அடுத்த மேட்டாங்காட்டு ஊரில் பிறந்தவர். ஐந்து வயதில் தாயை இழந்து, மாமன் வீட்டில் எருமை மேய்த்து வளர்ந்தார். அங்கே சொல்லிக்காட்டிப் போட்ட சோறு அவர் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. "கூப்பிடாத ஊட்ல கை நனைக்கக் கூடாது சாமி" என்பதே எங்களுக்கு அவர் சொன்ன வேதம். என்னைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்கு வந்தாலும், என் மாமியார் வாய் திறந்து அழைக்கும்வரை இலைமுன் உட்கார மாட்டார். வீம்பு என்றால் அப்படி ஒரு வீம்பு!

மழை பொய்த்த 1950களில் அம்மாவும் அவரும் கடப்பாரை பிடித்துக் கிணறு வெட்டினார்கள். வெகுகாலம் கழித்து அதில் கரண்டு மோட்டார் ஓடத் தொடங்கியபோது, வயதாகிவிட்ட அப்பாவுக்கு ஞாபகம் தப்பத் தொடங்கியது. முதலில் மாடுகளின் பெயர், பிறகு எங்கள் பெயர், கடைசியில் வீடே மறந்துபோயிற்று.

வாசல் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "வேண்டாமுங்க, எங்கூட்டுக்குப் போய்ச் சாப்புட்டுக்கறேன்" என்பார். இதுதான் நம் வீடு என்று நாங்கள் மல்லுக்கு நின்றோம். மூன்று நாள் ஒரு பருக்கை இறங்கவில்லை. டாக்டரும் கையை விரித்துவிட்டார்.

அப்பா கட்டிலின் நுனியில் விருந்தாளி போல் உட்கார்ந்திருப்பதை அம்மாதான் கவனித்தார். நாலாம் நாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்.

"வாங்க, வாங்க. வெய்யல்ல வந்திருக்கீங்க, தண்ணி குடிங்க. அரிசிம்பருப்புச் சோறு ஆக்கியிருக்குதுங்க. நீங்க கை நனைச்சாத்தான் எங்களுக்குச் சந்தோசம்."

அப்பா எழுந்து கும்பிட்டார். "இத்தன மரியாதையாக் கூப்புடறீங்க. எப்பிடீங்க அம்மிணி மறுக்கறது?" அன்று இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் அல்லவா? மூன்றாம் நாள் துண்டை உதறித் தோளில் போட்டு விடைபெறுவார். தம்பி உடன் போய், கிணற்றைச் சுற்றி அழைத்துவருவான். வாசலில் அம்மா மறுபடியும் சொம்போடு நிற்பார். இப்படி நான்கு ஆண்டுகள் ஜெயித்தார் எங்கள் அம்மா! "எங்கூட்டுக்காரியும் இப்பிடித்தானுங்க, மகராசி" என்று அம்மாவிடமே அம்மாவைப் புகழ்வார் அப்பா. நினைவோடு இருந்த காலத்தில் ஒருநாளும் சொல்லாத வார்த்தை அது.

கடைசி வாரத்தில் அப்பா துண்டை எடுக்கவில்லை. "ஏனுங்க, இன்னிக்குப் பொறப்படலீங்களா?" என்றார் அம்மா.

"இல்லீங்க அம்மிணி. இனி எங்கயும் போகல. இங்கயே இருந்துக்கறேனுங்க."

அப்படியே இருந்து, அம்மா கையால் உண்டு, நிறைந்த வயிற்றோடு கண்மூடினார்.

அவர் வழிதவறி நின்றபோதெல்லாம் சிரிக்காமல், "அந்த ஊட்ல உங்களுக்கு விருந்துங்க" என்று கூட்டிவந்த ஊராருக்கு எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டது. அப்பாவின் ஆண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உங்களுக்காக இன்றும் அம்மா சொம்போடு வாசலில் நிற்கிறார். பசியில்லை என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். அம்மா விடமாட்டார்.