எண்ணெய்க்குள் என்ன ஊற்றலாம்

என் பழைய காரின் பின்னால் நீலப் புகை வருவது எனக்குத்தான் கடைசியாகத் தெரிந்தது. என் மனைவிக்கு அது எப்போதோ தெரிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை காஜாங்கில் அவள் சித்தப்பா மகளின் புதுமனை புகுவிழா.

"அங்க வாசல்ல போய்ப் புகை விட்டுச்சுன்னா, திங்கக்கிழமை இது பழைய இரும்புக்கடைக்குத்தான்" என்றாள்.

அந்தக் காரின் இருக்கை என் முதுகின் வளைவை மனப்பாடம் செய்து வைத்திருந்தது. இந்த வயதில் இன்னொரு இருக்கைக்கு அதைக் கற்றுக்கொடுக்க எனக்குத் தெம்பில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் மச்சான், அதாவது அவள் தம்பி, ஒரு பாட்டிலை மேசைமேல் வைத்தான்.

"இதை எஞ்சின் ஆயில்ல ஊத்துங்க அத்தான். புகை ஸ்டாப்லா."

இரண்டு வாரமாகப் படித்து வைத்திருந்த வேதியியலை, சாம்பார் வருவதற்குள் இறக்கிவைத்தேன். தேய்மானத்தைத் தடுக்கத் துத்தநாகமும் பாஸ்பரஸும் ஆயிலிலேயே அளவாக இருக்கின்றன. பாஸ்பரஸ் கூடினால் புகைக்குழாயில் புகையைச் சுத்தப்படுத்தும் வினையூக்கி கெடும். குளோரின் கலந்த சரக்கென்றால் உலோகத்தையே அரிக்கும்.

"உள்ள என்ன இருக்குன்னு போட்டிருக்கா?"

"ஸ்பெஷல் ஃபார்முலான்னு போட்டிருக்கு."

"உன் கார்ல ஊத்தினியா?"

"அது புதுக் கார் அத்தான். வாரண்டி போயிடும்லா."

பக்கத்து மேசை அங்கிள்கூடத் தலையாட்டினார். ரசத்துக்காகவும் இருக்கலாம். மனைவி அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை காலை கிள்ளானில் என் மெக்கானிக்கிடம் போய்ச் சற்றுக் கெட்டியான ஆயிலாக மாற்றினேன். ஆயிலை மாற்றுவது வேறு, ஆயிலில் எதையாவது சேர்ப்பது வேறு. கொள்கை என்று ஒன்று இருக்கிறதல்லவா.

மறுநாள் காஜாங் நெருங்கும்வரை புகையே இல்லை.

"பாத்தியா மச்சான்? சுத்தமான ஆயில்!"

பின்சீட்டில் அவன் நெளிந்தான். "நேத்து சாயங்காலம் உங்க வீட்டுக்கு வந்தப்ப அந்தப் பாட்டிலை எஞ்சின்ல கவுத்துட்டேன் அத்தான்."

நான் கத்த ஆரம்பித்தேன். அவனும் கத்தினான்.

"ரெண்டு பேரும் நிறுத்துறீங்களா?" என்றாள் மனைவி. "நேத்து கோயில்ல சனீஸ்வரனுக்கு விளக்கு போட்டு மீந்த நல்லெண்ணெய நானும்தான் ஊத்தினேன். ஆயில் ஊத்துற மூடியிலேயே விளக்குப் படம் போட்டிருக்கான். அதுகூடவா தெரியாது?"

அது விளக்கல்ல, ஆயில் கேன் என்றும், சமையல் எண்ணெய் எஞ்சின் சூட்டில் பிசினாகிவிடும் என்றும் சொல்ல வாயைத் திறந்தேன். கண்ணாடியில் பார்த்தால், பின்னால் வந்த மோட்டார்சைக்கிள்காரர் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு ஆனந்தமாகக் காற்று வாங்கிக்கொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டேன்.

எதனால் புகை நின்றது என்று அறிய, எல்லாவற்றையும் வடித்துவிட்டு ஒவ்வொன்றாக ஊற்றிப் பார்க்க வேண்டும். அறிவியல் அப்படித்தான் சொல்லும். அறிவியலுக்கு என் முதுகைத் தெரியாது.

அடுத்த முறை ஆயில் மாற்றும் நாள் வந்தபோது, மச்சானிடம் இன்னொரு பாட்டில் கிடைக்குமா என்று பேச்சுவாக்கில் கேட்டுவைத்தேன். பிறகு மனைவியிடம் போனேன்.

"இந்தச் சனிக்கிழமை கோயிலுக்குப் போறியா?"

"என்ன, திடீர்னு பக்தி?"

"இல்ல... விளக்குல எல்லாத்தையும் ஊத்திடாத. கொஞ்சம் மீதி வை."