ஏலத்துக்குப் போன சைனா கோஸ்

படப்பையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருப்பது ஒரே பாத்தி. அதில் சைனா கோஸ் போட என் மனைவி ஒரு நிபந்தனையோடுதான் சம்மதித்தாள். "அறுப்பின் பண்டிகை ஏலத்துல யாராவது இத எடுத்து வூட்டுக்குக் கொண்டுபோனா, பாத்தி உங்களுது. இல்லன்னா கத்திரி நட்டுடுவேன்."

விதை, ஒரகடத்தில் எங்கள் ப்ளான்ட்டுக்கு வந்துபோகும் கொரிய இன்ஜினியர் கொடுத்தது. தோட்டம் போடுவதைப் பற்றி ஓர் அலமாரி நிறையப் படித்திருக்கிறேன். மண்வெட்டி பிடித்தால் இடுப்பு என்னாகும் என்பதை மட்டும் யாரும் எழுதியிருக்கவில்லை. ஆனாலும் மார்கழிப் பனி கைகொடுத்தது. தினமும் ஷிப்டுக்குக் கிளம்பும் முன் இலை இலையாகப் புரட்டிப் புழு பொறுக்கினேன். இந்தச் சிரத்தையை வேலையில் காட்டியிருந்தால் இந்நேரம் மேனேஜர் ஆகியிருப்பேன்.

விளைச்சலின் முதற்பலன் கோயிலுக்கு, அதாவது எங்கள் சர்ச்சுக்கு, என்பதால் ஓர் இலையைக்கூடக் கிள்ளி ருசி பார்க்கவில்லை. பண்டிகையன்று, இலைமேல் இலை மூடி நெடுநெடுவென்று நின்ற ஒன்றை அறுத்து, ஞானஸ்நானத்துக்குக் குழந்தையைக் கொண்டுபோவதுபோல ஏந்திப் போனேன்.

எங்கள் சபையில், ஏலத்தில் எடுத்த பொருளைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுக்கலாம். அது மறுபடி ஏலத்துக்கு வரும். அதுவும் ஒரு காணிக்கைதான்.

ஏலம் விட்ட கமிட்டி மெம்பர் என் கோஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னா சார் இது, கோஸுக்கு உடம்பு சரியில்லையா?"

சபை சிரித்தது. ஆனால் என் லைன் சூப்பர்வைசர் கை தூக்கினார். ஜெயித்தவனுக்குரிய அடக்கத்தோடு மனைவியைப் பார்த்தேன். சூப்பர்வைசர் கோஸை வாங்கினார், முகர்ந்தார், "கோயிலுக்கே குடுத்துடறேன்" என்றார். அடுத்து எடுத்த டீச்சரும் கொடுத்துவிட்டார். அதற்கடுத்து எடுத்த ஷேர் ஆட்டோக்காரரும்.

"பார்த்தியா, எவ்ளோ டிமாண்டு!" என்றேன்.

"அய்ய, டிமாண்டா? எப்படி ஆக்கறதுன்னு தெரியாம ஆளாளுக்குத் தள்ளி வுட்டுகினு கீறாங்க."

கத்திரி என் கண்முன் பூத்தது. மறுபடி ஏலம். இந்த முறை ஒரு கையும் எழவில்லை. கமிட்டி மெம்பர் கோஸைப் பூசணிக்காய்களுக்குப் பின்னால் ஒதுக்கப் போனார். அப்போது என் மனைவி கை தூக்கினாள். வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கவில்லை, மடியில் வைத்துக்கொண்டாள்.

"நம்ம வூட்டுப் பொருளு எல்லாரும் பாக்க மூலைல வாடிக் கெடக்கணுமா?" என்று காரணம் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் நறுக்கி, கடுகும் பச்சைமிளகாயும் தாளித்து, வழக்கமான கோஸ் பொரியல்போலத் தண்ணீர் விட்டு மூடினாள். திறந்தால், வாணலியில் வெள்ளம். சைனா கோஸ் தானே தண்ணீர் விடும், தனியாக ஊற்றக் கூடாது என்று படித்திருந்தேன். மனைவி அடுப்படியில் நிற்கும்போது எதைச் சொல்லக் கூடாது என்பதை அனுபவத்தில் படித்திருந்தேன். அவள் பதறவில்லை. வெந்த பாசிப்பருப்பைக் கொட்டி, தேங்காயும் சீரகமும் அரைத்துவிட்டுக் கூட்டாக்கிவிட்டாள்.

சோற்றில் பிசைந்து வாயில் வைத்தேன். இலை பருப்போடு கரைந்திருந்தது. தண்டு மட்டும் லேசாக நறுக்கென்றது. கோஸுக்குரிய அந்த வாடை துளியும் இல்லை. அவள் இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டாள்.

"அப்ப பாத்தி?" என்றேன்.

"ஏலத்துல எடுத்து வூட்டுக்குக் கொண்டாந்தது நான்தான? சொன்னா சொன்னதுதான். உங்களுது." கூட்டை வழித்துப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "அடுத்த வருஷம் கோயிலுக்கு மட்டும் கடையில கத்திரிக்கா வாங்கிக் குடுத்துடலாம். இத இட்டுகினு போய் அசிங்கப்படுத்தாதீங்க."

யாருக்கு அசிங்கம், எனக்கா கோஸுக்கா என்று நான் கேட்கவில்லை. பாத்தி கையில் இருக்கிறதே.