வேகவைத்த எலும்பு

கறிக்கடையில் அவருக்கு ரேடியோ என்று பெயர். முதலாளி வைத்தது. காலையில் ஷட்டர் ஏறும்போது திறக்கிற வாய், சாயங்காலம் தரையைக் கழுவித் தண்ணீரை வழித்துத் தள்ளும் வரை மூடாது. எலும்பு வெட்டுவதுதான் அவர் வேலை. கறி வாங்குகிறவர்கள் முன்பக்கமே வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். எலும்பு அறுக்கும் மெஷின் இருக்கிற கடைக்கோடி வரை வருகிறவர்களில் பாதிப்பேர் நாய் வளர்க்கிறவர்கள். அவர்களுக்கு எலும்பை மட்டும் கட்டிக் கொடுத்தால் போதாது, கூடவே நாலு புத்தியும் சொல்லி அனுப்ப வேண்டும் என்பது அவர் கொள்கை.

"வேக வெச்சிடாதீங்க, பச்சையாவே குடுங்க. வெந்த எலும்பு கடிச்சா ஊசி ஊசியா உடையும், குடலைக் கிழிச்சிடும். நாய் வாயைவிட எலும்பு பெருசா இருக்கணும், அப்படியே முழுங்கிடக் கூடாது பாருங்க. மாட்டுக் கால் எலும்பு கேக்காதீங்க, பல்லு போயிடும். இந்த மூட்டுதான் சரி. மென்னு மென்னு சின்னதாயிடுச்சுன்னா வாங்கிடுங்க. சும்மா பிடுங்கினா கடிக்கும், ஒரு துண்டு கறியைக் காட்டி வாங்குங்க. மெல்லுற வரைக்கும் பக்கத்துல ஆள் இருக்கணும். தனியா விட்டுட்டுப் போகவே கூடாது. அப்புறம் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிடுங்க."

இதைக் கேட்டுவிட்டு ஒருவர் நகர்ந்தால் அடுத்தவர் வந்து, "நாய்க்கு எலும்பு வேணும்" என்பார். மறுபடி முதலிலிருந்து ஆரம்பம். அரைத்த மாவையே அரைக்கிறோமே என்று அவருக்குச் சலித்ததே இல்லை. சலித்தது உடம்புக்குத்தான். ஈரத்தரையில் ரப்பர் பூட்ஸோடு நின்று நின்று முழங்கால் இரண்டும் தேய்ந்திருந்தன. குளிர் அறைக்குள் போய் வந்து போய் வந்து விரல்கள் மடங்க மறுத்தன.

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? மூன்று மாடி ஏறி வீட்டுக்கு வரும்போது அந்த மனிதரிடம் ஒரு சொல் மிச்சமிருக்காது. கையிலிருக்கும் எலும்புப் பையைச் சமையலறைத் தொட்டியில் வைப்பார். குளிப்பார். சாப்பிடுவார். ஜன்னலோரத் தையல் மெஷினில் யார் யாருடைய கால்சட்டைகளுக்கோ விளிம்பு மடித்துத் தைத்துக்கொண்டிருக்கும் மனைவி ஏதாவது சொன்னால், "ம்" என்பார். இரண்டு முறை சொன்னால் இரண்டு "ம்".

"வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?" என்று அவளும் கொஞ்ச காலம் கேட்டுப் பார்த்தாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். சண்டை இருக்கிறவரைக்கும் வீட்டில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். அதுவும் நின்றுபோன பிறகு, தன் பேச்சையெல்லாம் அவள் நாயிடம் கொண்டுபோய்க் கொட்ட ஆரம்பித்தாள்.

நாய்க்குத் துரை என்று பெயர். வேலை வெட்டி இல்லாமல் சோபாவில் சாய்ந்திருக்கிற தோரணைக்காக மகள் வைத்த பெயர். மகள் இருந்தவரை துரையின் எலும்பு விவகாரம் அவளுடையது. குளியலறையில் ரப்பர் பாயை விரிப்பாள், அப்பா சொன்னபடி பச்சை எலும்பைப் போடுவாள், பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். கல்யாணமாகி அவள் வேறு ஊருக்குப் போனாள். போன இடத்தில் நாய்க்கு அனுமதி இல்லை. துரை இங்கேயே தங்கிவிட்டது. எலும்புப் பையும் வழக்கம்போல வந்துகொண்டிருந்தது. இதை இப்படிச் செய் என்று மட்டும் மனைவியிடம் யாரும் சொல்லவில்லை. மகள், அப்பா சொல்லுவார் என்று நினைத்தாள். அப்பா, மகள் சொல்லியிருப்பாள் என்று நினைத்தார். நினைத்தார் என்பதுகூட அதிகம். அவர் எதையும் நினைக்கவில்லை, களைத்திருந்தார்.

ஒரு நாள் துரை தட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது.

"என்னங்க, துரை சரியில்லை. முக்குது முக்குது, ஒண்ணும் வரலை. வாந்தி வேற."

"ம்."

மறுநாள் அது தலையையே தூக்கவில்லை. முதலாளிக்குப் போன் செய்து வர முடியாது என்று சொல்லிவிட்டு, துரையைத் தோளில் போட்டுக்கொண்டு மனைவியோடு மூன்று மாடியும் இறங்கினார். ஒவ்வொரு படிக்கும் முழங்கால் முனகியது. எப்போதும் திமிறுகிற நாய், சும்மா கிடந்தது. அந்தச் சும்மா கிடப்புதான் அவரைப் பயமுறுத்தியது.

கால்நடை மருத்துவமனையில் டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை விளக்குப் பலகையில் மாட்டினார். துரையின் வயிற்றுக்குள் வெள்ளை வெள்ளையாக, ஊசி ஊசியாக எலும்புச் சிம்புகள்.

"எலும்பு குடுத்தீங்களா?"

"ஆமா டாக்டர்," என்றாள் மனைவி. "பச்சையாக் குடுத்தா அசிங்கம்னு நல்லா வேக வெச்சுத்தான் குடுப்பேன். சூப்பு எங்களுக்கு, எலும்பு அதுக்கு."

அந்த சூப்பை மாதக்கணக்காகக் குடித்தவர் அவர். நன்றாக இருந்த நாட்களில் கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளி இன்னொரு கரண்டி வாங்கிக் குடித்திருக்கிறார். இது எந்த எலும்பின் சூப்பு, வெந்த எலும்பு எங்கே போனது என்று ஒரு நாள் கேட்டதில்லை.

"வேக வெச்சதுதாங்க தப்பு," என்றார் டாக்டரம்மா. "மெயின் ரோட்டுக் கறிக்கடையில எலும்பு வெட்டுறவர் ஒருத்தர் இருக்காராம். இங்க வர்றவங்க நிறைய பேரு அவர் சொன்னதைத்தான் சொல்வாங்க. நான் பாத்ததில்லை. அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

மனைவி அவர் பக்கம் திரும்பவே இல்லை. "அவரைத் தெரியும் டாக்டர். அவர் பேசுவாருங்கிறதுதான் தெரியாது."

ஊருக்குத்தான் உபதேசம் என்று சொல்வார்களே, அது இவ்வளவு நேராக ஒருவர் நெஞ்சில் வந்து விழும் என்று அவர் நினைத்ததில்லை. அந்த ஆள் நான்தான் என்று டாக்டரிடம் சொல்ல வாய் வரவில்லை. துரையின் காதைத் தடவிக்கொண்டே நின்றார்.

ஆபரேஷன் செய்ய வேண்டியிருக்கலாம், பிழைக்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார்கள். துரையை விட்டுவிட்டு இருவரும் நடந்தே வந்தார்கள். வீட்டில் சோபா காலியாக இருந்தது. மனைவி மெஷின் முன்னால் உட்கார்ந்து ஊசியில் நூலைக் கோக்கப் பார்த்தாள். கோக்க முடியவில்லை.

"அதுவும் போயிட்டா நான் யாருகிட்டங்க பேசுறது?" என்று கேட்டுவிட்டு அழுதாள்.

"ம்" என்று சொல்ல வந்த வாயை அவர் மூடிக்கொண்டார். வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் மேலேயே அவருக்கு வெறுப்பு வந்தது.

துரை பிழைத்தது. ஆபரேஷன் இல்லாமலே, மருந்திலும் எனிமாவிலும் சிம்புகள் வெளியே வந்தன. இளைத்து, தோரணையெல்லாம் இழந்து வீட்டுக்கு வந்தது. பல வாரம் குழைந்த சோறுதான். இனி எலும்பு போடலாம் என்று டாக்டரம்மா சொன்ன பிறகு, ஒரு மத்தியானம், கடையில் அவர் மெஷினைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தால் எதிரே அவள் நின்றிருந்தாள். பை சகிதம், வரிசையில் நின்று வந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் சிலர்.

"நாய்க்கு எலும்பு வேணும்," என்றாள், யாரோ எவரோ மாதிரி.

"நான் கொண்டு வர மாட்டேனா? நீ எதுக்கு இங்க..."

"மத்தவங்களுக்குச் சொல்ற மாதிரியே எனக்கும் சொல்லுங்க. கேட்டுட்டுப் போறேன்."

முதலாளி கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். ரேடியோ எலும்புத் தட்டின் பக்கம் திரும்பினார். மூட்டு எலும்பு ஒன்றை எடுத்துத் துடைத்தார். "வேக வெச்சிடாதீங்க," என்று மரியாதையில் ஆரம்பித்துவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு மெதுவாக எல்லாவற்றையும் சொன்னார். அவள் தலையாட்டிக் கேட்டாள். இத்தனை சொற்களை அவரிடமிருந்து ஒரே மூச்சில் அவள் கேட்டு எவ்வளவு காலம் ஆகியிருக்கும்!

"மெல்லுற வரைக்கும் பக்கத்துல ஆள் இருக்கணும். தனியா விட்டுட்டுப் போகவே கூடாது."

"இது நாய்க்கு மட்டும்தானா?" என்றாள் அவள்.

பின்னால் நின்றவர்களுக்கு அது விளங்கியிருக்காது. அவர் எலும்பைக் காகிதத்தில் சுற்றினார். அவளிடம் நீட்டினார்.

அன்று சாயங்காலம் மாடி ஏறி வந்தபோது குளியலறையில் ரப்பர் பாய் விரித்திருந்தது. துரை எலும்பை முன்னங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு மென்றுகொண்டிருந்தது. பக்கத்தில் அவள் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்திருந்தாள். வாசலோரம் ஒரு முக்காலி போட்டிருந்தாள். அவர் குளிக்கவில்லை, பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. முக்காலியில் மெல்ல உட்கார்ந்தார். சட்டியில் ஒன்றுமில்லைதான். அடியைச் சுரண்டிப் பார்த்தார்.

"முட்டி ரொம்ப வலிக்குது," என்றார்.

அவள் நாயிடமிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். "எந்த முட்டி?"

"ரெண்டும். இடது கொஞ்சம் கூட."

"எத்தனை நாளா?"

அவர் சொல்ல ஆரம்பித்தார்.