பயிற்சியாளர் சொன்ன ‘டா’

1. சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் எங்கள் பெண்கள் கால்பந்து அணி பயிற்சியாளர் இல்லாமல் ஒரு பருவம் முழுக்கத் தோற்றது.
2. ரஷ்யர் ஒருவர் அந்த வேலைக்கு விண்ணப்பித்தார். தன் நாட்டில் தடுப்பாட்டக்காரராக விளையாடி, முழங்கால் பழுதானதும் பயிற்சியாளரானவர்.
3. கழகத் தலைவரான என் அப்பா அவரை நேர்காணலுக்கு அழைத்தார். குறிப்பெடுக்க நானும் இருந்தேன்.
4. மழையிலும் பயிற்சி கொடுப்பீர்களா என்று அப்பா ஜெர்மன் மொழியில் கேட்டார். வந்தவர் பதற்றத்தில், “டா, டா” என்றார்.

அப்பாவின் முகம் கறுத்தது. என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்:

“பிள்ளை, என்னைவிடச் சின்ன ஆள், டா போட்டுக் கதைக்கிறான். அதுவும் ரெண்டு தரம்! இவனுக்கு வேலை குடுக்கிறதோ?”

“ஐயோ அப்பா, ரஷ்ய மொழியில அது ‘ஓம்’.”

“சும்மா கதை விடாதை.”

வேலை கைநழுவிவிடும் போலிருந்தது. தமிழில் ‘டா’ என்றால் என்னவென்று நான் அவருக்கு ஜெர்மனில் விளக்கினேன். அவர் பதறி எழுந்து மன்னிப்புக் கேட்டார். பிறகு, “உங்கள் மொழியில் ‘ஆம்’ என்பதை எப்படிச் சொல்வது?” என்றார். சொல்லிக்கொடுத்தேன்.

“சனிக்கிழமையே தொடங்கலாமா?” என்று அப்பா விறைப்பாகக் கேட்டார். அவர் நிமிர்ந்து நின்று, “ஓம், ஓம்!” என்றார். அப்பாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

இது அவருடன் எங்களுக்கு இரண்டாவது பருவம். இப்போது பாதி ஆட்டங்களில் வெல்கிறோம்.