குலவையைத் தின்ற பெட்டி

என் மருமகன் முத்துக்கண்ணன் என் வீட்டுக்கு நாற்பத்தெட்டாயிரம் ரூபாய் தர வேண்டியிருந்தது. வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, திருப்பிக் கேட்டவரும் கிடையாது. ஆனாலும் கடன் கடன்தான்.

நமது ஒலி ஒளி அமைப்பாளர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு, தொழிலில் பெயர் வாங்கிய ஒருவரைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். என்னைப் பற்றியே எழுதியிருக்கலாம். எழுத எவ்வளவோ இருக்கிறது. நாலாம் வகுப்போடு நின்றவன் நான். ஒரு குழாய் ஸ்பீக்கரையும் ஒரு பேட்டரியையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பினேன். இன்று காரைக்குடியில் மூன்று லாரி கொள்ளாத அளவுக்குச் செட்டு வைத்திருக்கிறேன். நாட்டரசன்கோட்டையில் செட்டியார் வீட்டு அறுபதாம் கல்யாணம் என்றாலும் சரி, காட்டுக்குள் இருக்கும் ஐயனார் கோயில் கிடாவெட்டு என்றாலும் சரி, சின்னக்கருப்பு செட்டு வந்துவிட்டதா என்று கேட்ட பிறகுதான் பந்தல்காரன் கயிறு அவிழ்ப்பான். யாரிடமும் கைகட்டி நின்று நான் இந்த இடத்துக்கு வரவில்லை.

இருந்தாலும் மாப்பிள்ளையைப் பற்றித்தான் எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேர் வண்டியில் இன்று இருக்கும் அந்தக் கறுப்புப் பெட்டியைச் செய்தவர் அவர்தான். மைக் கூவாமல் இருக்கிறது என்று சொல்கிறீர்கள். செய்தவர் யார் என்று கேட்டால் தெரியவில்லை.

அவருக்குச் சொந்த ஊர் காளையார்கோவில். விவசாயக் குடும்பம். கம்ப்யூட்டர் படித்துவிட்டுச் சென்னையில் ஒரு கம்பெனியில் சாப்ட்வேர் எழுதிக்கொண்டிருந்தார். சனி ஞாயிறு வந்தால் ஒரு சின்ன ஸ்டுடியோவில் உட்கார்ந்து பக்திப் பாட்டுகளுக்கு மிக்சிங் செய்வார். இரண்டு தொழில் எதற்கு என்று பெண் கொடுக்கும்போதே கேட்டேன். "ஒண்ணு சோத்துக்கு, ஒண்ணு காதுக்கு மாமா" என்றார். பதில் பிடித்துப்போய்த்தான் என் ஒரே மகள் அகல்யாவைக் கொடுத்தேன். கல்யாணத்துக்கு நான் கட்டிய குழாய்கள் இரண்டு ஊர் தாண்டிக் கேட்டன.

அகல்யா இரண்டு வருஷத்துக்கு முன்னால் காய்ச்சலில் இறந்துபோனாள். ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். இன்சூரன்சும் மாப்பிள்ளையின் சேமிப்பும் அதிலேயே கரைந்தன. கடைசி நாள் காலையில், அவளை வீட்டுக்குக் கொண்டுவருவதற்கு முன்னால் கட்ட வேண்டிய பாக்கி ஒன்று இருந்தது. மாப்பிள்ளை கவுண்டரில் கார்டைத் தேய்த்தார். பணம் இல்லை என்று சீட்டு வந்தது. மறுபடியும் தேய்த்தார். மறுபடியும் அதே சீட்டு. என் மனைவி ஆயி முதல் நாள்தான் எடுத்திருந்த சீட்டுப் பணத்தை மஞ்சள் பையிலிருந்து எடுத்து நீட்டினாள். யாரும் அழவில்லை. ஆம்புலன்ஸில் நான் டிரைவருக்கு வழி சொல்லிக்கொண்டு வந்தேன். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

பதினாறு முடிந்து அவர் முதல்முறையாக எங்கள் வீட்டுக்கு வந்தார். ஆயி இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்து வைத்தாள்.

"உக்காருங்க மாப்ள."

"இல்ல அத்தை. அந்த நாப்பத்தெட்டாயிரத்தைக் கொடுத்துட்டுத்தான் இந்த வீட்டுல கை நனைப்பேன்."

"பெத்த பிள்ளைக்குச் செஞ்சதைக் கடன்னு சொல்றீகளே, கேக்க நல்லாவா இருக்கு?"

"பிறந்த வீட்டுச் செலவு கோடித்துணியோட சரி அத்தை. அதைப் போட்டுட்டீக. ஆஸ்பத்திரிச் செலவு புருஷன் செலவு. அதையும் உங்களைச் செய்ய விட்டுட்டா நான் அவளுக்கு யாரு?"

எனக்கு அந்த ரோஷம் பிடித்திருந்தது. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் ஆயிக்கு இனி சோறு போட வேறு பிள்ளை இல்லை. அவள் மடக்கிய இலையில் ஒரு பருக்கைகூட இல்லை. அதைக் கொல்லையில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்து படுத்துக்கொண்டாள்.

சென்னை வேலை போய்விட்டது. "காலையில கம்ப்யூட்டர் முன்னால உக்காருறேன் மாமா. சாயங்காலம் எந்திரிக்கிறேன். நடுவுல ஒண்ணும் நடக்கல" என்றார். காளையார்கோவிலில் அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு, தினமும் பஸ் ஏறி என் குடோனுக்கு வந்தார். வயர் சுற்றினார், குழாய் துடைத்தார். நாள் கூலி கொடுத்தேன். "அதுலருந்து மிச்சம் பிடிச்சுக் கடனைக் கட்டிருங்களேன்" என்று சொல்லிப் பார்த்தேன். "உங்க காசை எடுத்து உங்களுக்கே கொடுக்கிறதா?" என்றார். மதியம் ஆயி ஒரு ஆழாக்கு அரிசி கூடுதலாகவே உலையில் போடுவாள். அவர் எதிர்க்கடையில் புரோட்டா தின்றுவிட்டு வருவார். மிஞ்சிய சோறு ராத்திரிக்கு எனக்கு.

கீழச்சிவல்பட்டியில் ஒரு கல்யாணம். பழைய வளவு வீடு. முற்றத்தைச் சுற்றி வழவழவென்று சுவர், பர்மாத் தேக்குத் தூண், தரையெல்லாம் சலவைக்கல். அப்படிப்பட்ட இடத்தில் ஸ்பீக்கர் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி மைக்குக்குள் புகும். புகுந்தது மறுபடி ஸ்பீக்கரில் வரும். அப்படியே பெருத்துக் 'கூ' என்று கிளம்பும். அதற்குக் கூவல் என்று பெயர். அன்றைக்கும் கூவியது. பந்தியில் இருந்தவர்கள் எல்லாரும் எச்சில் கையோடு காதைப் பொத்தினார்கள். எங்கள் மாப்பிள்ளை முத்துக்கண்ணன் மட்டும் பொத்தவில்லை. நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"இது ஏன் மாமா இன்னும் இப்படியே இருக்கு?"

"குழாயைத் திருப்பு, சத்தத்தைக் குறை. ஐம்பது வருஷமா இதான் மருந்து. இதை வச்சுத்தான் நான் வீடு கட்டுனேன்" என்றேன்.

மறுநாளிலிருந்து அவர் லேப்டாப்பைக் கொண்டுவந்தார். குடோனில் குழாய்களுக்கு நடுவே ஒரு பெஞ்சு. மைக்குக்கும் ஆம்ப்ளிபயருக்கும் நடுவில் லேப்டாப்பை மாட்டி, வேண்டுமென்றே கூவ விட்டுக் கூவ விட்டுப் பார்த்தார். எதிர் டீக்கடை மீனாட்சிசுந்தரம் சட்டுவத்தோடு ஓடிவந்தான்.

"அண்ணே, உங்க மருமகன் பேயை ஓட்டுறாரா, இங்குட்டு வான்னு கூப்புடுறாரா? வடை போட முடியலண்ணே!"

மாப்பிள்ளை எனக்கு விளக்கினார். பேச்சும் பாட்டும் ஏறும், இறங்கும். கூவல் ஒரே சுருதியில் பிடித்துக்கொண்டு நிற்கும். எந்தச் சுருதி அப்படி நிற்கிறதோ, அதை மட்டும் கண்டுபிடித்து, அவர் எழுதிய புரோகிராம் நூலளவுக்கு வெட்டிவிடும். மற்றது அப்படியே போகும். பாட்டு கெடாமல் எவ்வளவு வெட்டலாம் என்பது மிக்சிங் செய்த காதுக்குத் தெரியும். அதைக் கண்சிமிட்டுவதற்குள் செய்யவைப்பது சாப்ட்வேர்க் கைக்குத் தெரியும். இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தது. நாதஸ்வரத்தைக்கூட வெட்டாமல் பழக்கிவிட்டார். பிறகு லேப்டாப்பை விட்டு, ஒரு சின்னப் போர்டில் புரோகிராமை ஏற்றித் தகரப் பெட்டிக்குள் அடைத்தார். கறுப்புப் பெயிண்ட் நான் அடித்தது.

சங்கக் கூட்டத்தில் நான் எழுந்து சொன்னேன், இனி கூவல் என்ற பேச்சே சிவகங்கை மாவட்டத்தில் இருக்காது என்று. சொன்னவன் சின்னக்கருப்பு. யார் மறுப்பது?

பங்குனியில் ஒரு முளைப்பாரித் திருவிழாவுக்குப் பெட்டியை முதன்முதலாக வெளியே எடுத்துப் போனோம். பேச்சு நன்றாக இருந்தது. பாட்டு நன்றாக இருந்தது. ஒரு கூவல் இல்லை. சாயங்காலம் பெண்கள் முளைப்பாரியை இறக்கி வைத்துச் சுற்றி நின்றார்கள். மைக்கைப் பிடித்துக் குலவை போட்டார்கள். முதல் மூச்சு 'லு' என்று வந்தது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. பெண்களின் வாய் திறந்திருந்தது, நாக்கு ஆடியது. ஊர் முழுக்கக் கட்டியிருந்த குழாய்களில் காற்றுகூட இல்லை. பெட்டி குலவையைக் கூவல் என்று எண்ணித் தின்றுவிட்டது.

கோயில் கமிட்டி காளிராஜ் எல்லார் முன்னாலும் வந்து நின்றான்.

"என்னண்ணே, அம்மனுக்கே வாய்ப்பூட்டுப் போட்டுட்டீகளா?"

நான் பெட்டியைப் பிடுங்கி எறிந்துவிட்டு மைக்கை நேராக மாட்டினேன். மாப்பிள்ளை பெட்டியைப் பொறுக்கிக்கொண்டு போய் லாரியின் பின்னால் உட்கார்ந்தார். திரும்பி வரும் வழியில் ஒரே ஒரு பேச்சுத்தான் பேசினார்.

"ஸ்டுடியோவுல நான் கேட்ட எதுலயும் குலவை இல்ல மாமா. அதைப் பெட்டிக்குக் காட்டவே இல்ல."

காட்டுவதற்குக் குலவை வேண்டும். ஒன்றிரண்டு போதாது. கிட்டத்தில் நின்று, எட்ட நின்று, மூச்சு முட்டும்வரை, மூச்சு உடைந்த பிறகு, எல்லாம் வேண்டும். பக்கத்துத் தெருக் கருப்பியைக் கூப்பிட்டேன். எங்கள் பக்கம் எந்தச் சடங்கு என்றாலும் முதல் குலவை அவளுடையது. நான் கூப்பிட்டு வராதவர்கள் குறைவு. அவள் வந்தாள், குடோனைப் பார்த்தாள், திரும்பிவிட்டாள்.

"சாமியும் இல்ல, சடங்கும் இல்ல. இரும்புக் கிடங்குல நின்னு வெறும் குலவை போட நான் என்ன கிறுக்கியா? அதுவும் சின்னச் சாவு விழுந்த வீட்டுல. பொல்லாப்பு அண்ணே."

நாலைந்து பேரைக் கேட்டேன். எல்லாரும் அதையே சொன்னார்கள். தப்பில்லை. எங்கள் பெண்கள் காரணம் இல்லாமல் குலவை போடமாட்டார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஆயி குடோனுக்குள் வந்தாள். மகள் போன பிறகு அவள் எந்தக் கோயிலுக்கும் போனதில்லை, குலவை போட்டதும் இல்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"எங்குட்டு நிக்கணும் மாப்ள?"

அவர் பெஞ்சை விட்டு எழுந்தார். பிறகு மைக்கைக் காட்டினார்.

ஆயி குலவை போட்டாள். கணீரென்று வந்தது. முகத்தில் ஒன்றும் இல்லை. அரிசி புடைக்கும்போது எப்படி இருப்பாளோ அப்படி இருந்தாள். "இன்னொண்ணு அத்தை" என்றார். போட்டாள். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க." தள்ளி நின்று போட்டாள். "அந்தக் குழாய்க்கு நேரா." அங்கேயும் போட்டாள். டீக்கடையிலிருந்து ஆட்கள் வாசலுக்கு வந்தார்கள். ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். நான் ஸ்டூலில் உட்கார்ந்து வயர் சுற்றிக்கொண்டிருந்தேன். சுற்றிய வயரையே அவிழ்த்து மறுபடி சுற்றினேன்.

குரல் கம்மி உடைகிற வரைக்கும் போட்டாள். பிறகு, "போதுமா?" என்றாள்.

"போதும் அத்தை."

"சோறு ஆறுது" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள். அவர் அன்றும் புரோட்டாக் கடைக்குத்தான் போனார்.

இரண்டு வாரம் கழித்து என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். "பாருங்க மாமா. குலவையில நாக்கு அடிக்கிறது சீப்புப் பல்லு மாதிரி வரிசையாத் தெரியுது. கூவலுக்குப் பல்லு இல்ல." பல்லைப் பார்த்தால் விட்டுவிடு என்று பெட்டிக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார். சொல்லும்போது சந்தோஷமாக இருந்த மாதிரி தெரியவில்லை. எனக்கும் சந்தோஷம் வரவில்லை. சரி என்றேன்.

ஆடியில் பக்கத்து ஊர் முளைப்பாரி. நான் பெட்டியை மாட்டினேன். பயப்படுகிறவன் இல்லை நான். பெண்கள் குலவை போட்டார்கள். எல்லாக் குழாயிலும் முழுக்க வந்தது. வேடிக்கை பார்க்க வந்திருந்த காளிராஜ் என் தோளைத் தட்டினான்.

"வாய்ப்பூட்டைக் கழட்டிட்டீக போலண்ணே!"

"பூட்டுனவனுக்குக் கழட்டத் தெரியாதா?" என்றேன்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். முதலில் தேவகோட்டைக்காரர்கள் வாங்கினார்கள், பிறகு திருப்பத்தூர், பிறகு மதுரை. பெட்டிக்கு விலை வைத்தவர் மாப்பிள்ளை. குறைக்காதீர்கள் என்று சொன்னவன் நான். தகரத்துக்கும் போர்டுக்கும் போக மிச்சம் நின்றது.

போன மாதம் ஒரு நாள் மத்தியானம் வீட்டுக்கு வந்தார். ஆயி அடுப்படியில் இருந்தாள். அவர் சட்டைப் பையிலிருந்து ஐநூறு ரூபாய்க் கட்டை எடுத்தார். வீட்டுக்குப் பெரியவன் என்று நான் கையை நீட்டினேன்.

"உங்ககிட்ட இல்ல மாமா. வாங்குனது அத்தை கையில."

"இதுக்கு எதுக்கு பேங்க்ல நின்னீக? போன்லயே போட்டு விட்டிருக்கலாமே" என்றேன்.

"போன்ல போட்டா எண்ண முடியாதே மாமா."

ஆயி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். உள்ளே இலை போட்டிருந்தது. தினமும் போடுகிற இலைதான். வலது கையை விரித்து நீட்டினாள். மாப்பிள்ளை ஒவ்வொரு தாளாக அதில் வைத்து, வாய்விட்டு எண்ணினார். நடுவில் ஒரு தடவை எண்ணிக்கை தப்பியது. முதலிலிருந்து எண்ணினார். ஆயி பணத்தைப் பார்க்கவில்லை, அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசித் தாளும் விழுந்தது. "உக்காருங்க மாப்ள" என்றாள். கை விரிந்தபடியே இருந்தது.