பூஜ்யம் என்று எழுதிய வாரங்கள்

நான் எதையும் எழுதி வைக்கிறவள். என் மகள் தர்ஷினிக்குச் சிறு வயதிலிருந்தே பேச்சில் திக்கல் உண்டு. அவளுக்குப் பத்தொன்பது வயதானபோது பேச்சுப் பயிற்சியாளர் இருவரைப் பார்த்தோம். பங்சாரில் இருந்த பெண், "திக்கினா பரவால ஆன்டி, பயமில்லாம பேச வைக்கலாம்," என்றார். பிரிக்பீல்ட்ஸில் இருந்தவரோ, சொற்களை இழுத்து மெதுவாகப் பேசப் பழக்கினால் திக்கலே இருக்காது என்றார். மகள் பங்சார் போகலாம் என்றாள். நான் பிரிக்பீல்ட்ஸில் சேர்த்தேன்.

கிள்ளானில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், அவள் திக்கும்போதெல்லாம் நாட்குறிப்பில் ஒரு கோடு போட்டேன். முதல் வாரம் முப்பத்தொரு கோடுகள். எட்டாம் வாரம் இரண்டு. அதற்குப் பின் மூன்று வாரமும் பூஜ்யம். சாப்பிட வந்த என் தம்பியிடம் அந்தப் பக்கங்களைப் பெருமையாகக் காட்டினேன்.

"அக்கா, திக்கல சரி. நான் வந்ததுலேர்ந்து இவ வாயே தொறக்கலயே லா!" என்றான்.

தர்ஷினி கைப்பேசியில் ஏதோ தட்டி அவனிடம் நீட்டினாள். அவன் படித்துவிட்டு என்னிடம் தந்தான்: "பேசுனா அம்மா கோடு போடுவாங்க. அதான் பேசறதில்ல, மாமா."

மூன்று வாரமாக உப்பைக்கூட அவள் கை காட்டித்தான் கேட்டிருக்கிறாள். நான் கோடுகளை மட்டுமே பார்த்திருக்கிறேன்.

இப்போது கோடு போடுவதில்லை. அவள் கேட்ட பங்சாருக்கே அழைத்துப் போகிறேன். உள்ளே அவள் திக்கித் திக்கிச் சிரித்துப் பேசுவது வெளியே உட்கார்ந்திருக்கும் எனக்குக் கேட்கிறது. வீட்டுக்குத் திரும்பும் வழியில் என்னிடம் அவள் இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை.