கோலா இல்லாத ஊருக்கு டிக்கெட் போட்டவன்

டிராவல்ஸ் ஆபீசில் உட்கார்ந்திருப்பவனுக்கு 'தெரியாது' என்று சொல்ல மட்டும் வாய் வராது. என்னைப் போல கவுண்டருக்குப் பின்னால் பிழைப்பவர்களுக்கு இது புரியும். பெரம்பலூரில் நான் ஆபீஸ் போட்டு எட்டு வருஷமாகிறது.

பெர்த் பயணம்

லப்பைக்குடிக்காடு ஜப்பார் பாய் பாதி ஆயுளைக் குவைத்தில் கழித்தவர். மனைவி சபூராவை அவர் முதன்முதலாக வெளிநாடு கூட்டிப்போனது, ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் வேலை பார்க்கும் மகனிடம். அந்தம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "குட்டியை முதுகுல சுமந்துக்கிட்டு மரத்துல தூங்குமே, கோலா, அதைக் காட்டுலயே பார்க்கலாமா தம்பி?"

"ஆஸ்திரேலியா பூரா தைலமரம்தாம்மா. அண்ணாந்து பார்த்தா கோலாதான்" என்றேன். எனக்குத் தெரிந்த தைலமரம் எல்லாம் அரியலூர் ரோட்டில் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தவை.

பத்தாம் நாள் பாய் போன் செய்தார். மூன்று மணி நேரம் காட்டில் நடந்து, கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துவிட்டு, அங்கிருந்த வனக்காவலரிடம் கேட்டிருக்கிறார்கள். காட்டுக் கோலா இருப்பதெல்லாம் நாட்டின் கிழக்குப் பக்கமும் தென்கிழக்குப் பக்கமும்தான். பெர்த் மேற்குக் கோடி. பாய் கத்தவே இல்லை. "தம்பி, கோலா இருக்குற ஊருக்கு இங்கேருந்து பிளேன்ல நாலு மணி நேரமாம், நீங்க வேணா அண்ணாந்து பாருங்க!"

மன்னிப்பு

அவர்கள் ஊர் திரும்பியதும் வீட்டுக்கே போனேன். பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சபூராம்மா டீ கொடுத்தார். "உங்க ஆசையைக் கெடுத்துட்டேம்மா" என்றேன்.

அந்தம்மா சிரித்தார். "கல்யாணமாகி முப்பது வருஷத்துல இவரு மூணு மணி நேரம் என்கூட நடந்தது அன்னிக்குத்தான் தம்பி."

கொல்லைப்புறம்

அதற்குப் பிறகு ஆஸ்திரேலியா மேப் வாங்கி மாட்டி, கோலா இருக்கும் மாநிலங்களை மனப்பாடம் செய்தேன். குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா, தெற்கு ஆஸ்திரேலியா. மகள் பிரசவத்துக்கு, குயின்ஸ்லாந்தில் இருக்கும் பிரிஸ்பேன் போன உடையார்பாளையம் செல்வராணியிடம், "கோலா அடர்ந்த காட்டுக்குள்ளதான் இருக்கும், தேடாதீங்க" என்று முந்திக்கொண்டு சொன்னேன்.

ஆறு மாதம் கழித்து வந்தவர் கவுண்டரில் முந்திரிப்பருப்புப் பொட்டலத்தை வைத்தார். "நீங்க காட்டுக்குள்ளதான்னு சொன்னதால சார், மக வூட்டுக் கொல்லை மரத்துல இருந்ததைப் பத்து நாளா யாரோ மாட்டுன சாக்குன்னு நெனச்சுட்டேன்!"

முழுத் தேர்ச்சி

போன மாதம் வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் வந்து மேப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். விடுவேனா? கோலா எல்லாத் தைலமர இலையையும் தின்னாது, சில வகையைத்தான் தின்னும், அந்த மரம் இருக்கும் இடத்தில்தான் குடியிருக்கும் என்று அரை மணி நேரம் விளக்கினேன். ஒரு தப்பு இல்லை. பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "நல்லதுங்க, இங்க பக்கத்துல கல்லங்குறிச்சி கோயிலுக்கு இருபது பேரு போறோம், வேன் கெடைக்குமா?"

ஊர் உலகத்துக்கெல்லாம் வழி சொல்லிப் பிழைக்கிற எனக்கு இன்னும் பாஸ்போர்ட் கிடையாது.